நின்று நின்று போன வண்டி

செல்லச் சிட்டுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் என் குட்டிப் பேரனும் நலமாக இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் விழித்ததும் எனக்கு வரும் முதல் நினைப்பு. குட்டிக்குப் பல் முளைக்கிறது, கையில் கிடைத்ததை எல்லாம் கடிக்கிறான் என்று சொன்னாயே, அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. நீ அந்த வயதில் உன் அப்பாவின் பஸ் சாவியைக் கடித்துக்கொண்டே திரிந்தவள். அதைப் பிடுங்கினால் ஊரைக் கூட்டுவாய். டிப்போவுக்கு நேரமாகிவிட்டது என்று அவர் உன்னிடம் கெஞ்சிக்கொண்டு நிற்பார்.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நான் போனை எடுத்தாலே உன் அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிடுகிறார். காலமெல்லாம் பஸ் இன்ஜினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த மனிதர், காது மந்தமாகியிருக்க வேண்டாமா? இல்லை. படிக்கட்டுக்குப் போய் நின்று கிசுகிசுத்தாலும் கேட்கிறது. கடைக்குப் போய் வா என்றால் மட்டும் கேட்காது.

போன தடவை நீ பேசியதை நான் மறக்கவில்லை. பேரன் பிறந்து பல் முளைக்கிற வரைக்கும் அப்பா ஒரு எட்டு வந்து பார்க்கவில்லை, நானாகத் தேர்ந்தெடுத்துக் கல்யாணம் செய்துகொண்ட கோபம் இன்னும் தீரவில்லை, இனிமேல் நான் கூப்பிட மாட்டேன் என்றாய். நான் சரி சரி, பார்க்கலாம் என்று ஒப்புக்குச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். என்ன செய்வது, அவர் பக்கத்திலேயே இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தார். நீ அழுதுகொண்டே வைத்தாய் என்பது எனக்குத் தெரியும். அதற்குத்தான் இந்தக் கடிதம். அறைக் கதவைச் சாத்திவிட்டுப் படி.

நான் பஸ் நிலையத்து விசாரணை ஜன்னலில் காலம் தள்ளியவள். அந்த ஜன்னலுக்கு வருகிறவர்கள் கேட்பது ஒன்றாக இருக்கும், அவர்களுக்கு வேண்டியது வேறாக இருக்கும். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பார் ஒருவர். மணியை மட்டும் சொன்னால் நகரவே மாட்டார். இன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்றால்தான் போவார். இப்படி ஊரில் உள்ளவர்களுடைய மனதையெல்லாம் படித்தவளுக்குக் கூடவே குடித்தனம் நடத்துகிறவரைப் படிக்க இத்தனை நாளாயிற்று.

நாங்கள் உன் வீட்டுக்குப் புறப்பட்டு நின்ற நாள் நினைவிருக்கிறதா? டிக்கெட் கையில், பை வாசலில், டாக்சிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். உன் அப்பா முதுகைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அசைய முடியவில்லை என்றார். அன்று சாயங்காலமே ஏணியில் ஏறி நின்று கூடத்து பல்பை மாற்றினார். எனக்கு வந்த கோபத்தில் அந்த ஏணியைப் பிடித்து ஆட்டலாமா என்று இருந்தது. பல நாள் அவரோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டு மேஜையில் விழும் சத்தம்தான் எங்களுக்குள் நடந்த பேச்சு.

அப்புறம் ஒருநாள் தலைவலி மாத்திரை வாங்கப் போனேன். மருந்துக்கடைக்காரர் இன்னொரு அட்டையையும் எடுத்து வைத்து, சாருடைய மாத்திரையும் வந்துவிட்டது, நீங்களே கொண்டுபோய்விடுங்கள் என்றார். எந்த மாத்திரை என்று கேட்டதும் அவர் திருதிருவென்று முழித்தார். பிறகு, வயதானால் ஆண்களுக்கு வருவதுதான், அடிக்கடி பாத்ரூம் போக வேண்டியிருக்கும், வந்தால் அடக்க முடியாது என்று பூசி மெழுகிச் சொன்னார். அட்டையை அவரிடமே திருப்பிக் கொடுத்து, நான் பார்த்ததாகச் சொல்லாதீர்கள், அவரே வந்து வாங்கட்டும் என்று சொல்லிவிட்டு நேராக டாக்டரிடம் போனேன். டாக்டர் பயப்பட ஒன்றும் இல்லை என்றார். ஆபத்தான நோய் எதுவும் கிடையாது. எல்லாச் சோதனையும் செய்தாயிற்றாம். வீட்டில் எனக்குத் தெரியாமலேயே.

வீட்டுக்கு நடந்து வரும்போது ஒவ்வொன்றாகப் புரிந்தது. கல்யாணங்களில் கதவோரத்து நாற்காலியாகப் பார்த்து உட்காருவது, பாங்குக்குப் போகிற அன்று காலையில் காப்பியை வேண்டாம் என்பது, பக்கத்து வீட்டுக்காரரோடு சினிமாவுக்குப் போய் இடைவேளையிலேயே திரும்பி வந்து படம் மட்டம் என்று சொன்னது. அந்தப் படத்தை நான் பின்னால் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

ஆக, கோபம் இல்லை சிட்டு. வெட்கம். உன் ஊருக்கு ரயில் கிடையாது, பஸ் என்றால் ராத்திரி முழுக்க ஓடும். நடுவில் எங்கே நிற்கும் என்பது டிரைவரின் இஷ்டம், அது இவரை விட யாருக்குத் தெரியும்? காரில் வரலாம், உன் அண்ணன் ஓட்டத் தயார். ஆனால் காரானாலும் கொஞ்சம் நிறுத்து என்று இவர் வாயைத் திறந்து சொல்ல வேண்டுமே. தலைகீழாக நின்றாலும் சொல்ல மாட்டார். சொல்லாமல் வீட்டிலேயே கிடந்து, மகளிடம் கோபக்காரர் என்று பெயர் வாங்குவார்.

அதனால் நான் ஒரு திட்டம் போட்டிருக்கிறேன். உன் வீடு வரைக்கும் ஒரே மூச்சில் இவரைக் கிளப்ப முடியாது. முதலில் ஒரு பகல். காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புகிற மாதிரி குடும்பத்தோடு ஒரு சின்னப் பயணம். யாருக்கும் ஒரு கவலையும் இல்லாமல், முக்கியமாக அவருக்குக் கேட்க வேண்டிய வேலையே இல்லாமல். அது நல்லபடியாக நடந்தால் அடுத்தது உன் வீடு.

உன் அண்ணனையும் அண்ணியையும் சமையலறைக்குள் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். வெளியே கேட்கக் கூடாது என்று குழாயைத் திறந்துவிட்டுப் பேசினோம். தண்ணீர் சத்தம் கேட்டுப் பாவம் அவர் எழுந்து பாத்ரூம் போனார். அவசரமாகக் குழாயை மூடினேன். உன் அண்ணன் அருவிக்குப் போகலாம் என்றான். நான் அவனை ஒரு பார்வை பார்த்தேன். லிப்ட் ரிப்பேர் செய்கிறவனுக்கு மூளை எந்த மாடியில் நின்றுகொண்டிருந்ததோ. அண்ணி மலையுச்சி என்றாள். அங்கே காற்றையும் கல்லையும் தவிர ஒன்றும் கிடையாது. கடைசியில் மிருகக்காட்சிசாலை என்று நான்தான் முடிவு செய்தேன்.

வெறுமனே முடிவு செய்யவில்லை. அண்ணிக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் லீவு கிடைத்த அன்று, திரைச்சீலைத் துணி வாங்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டு இருவரும் பஸ் ஏறிப் போய் வழி முழுக்கப் பார்த்துவிட்டு வந்தோம். எந்த பெட்ரோல் பங்கில் பாத்ரூம் சுத்தம், எங்கே சாவி கேட்டு வாங்க வேண்டும், எந்தச் சாப்பாட்டுக் கடையில் ஒன்றும் வாங்காமல் உள்ளே போனால் முறைப்பார்கள், எல்லாம் அத்துப்படி. மிருகக்காட்சிசாலைக்குள்ளும் அப்படியே. ஒரு மிருகத்தைக் கூட ஒழுங்காகப் பார்க்கவில்லை. புலிக் கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு பாத்ரூம் இருக்கிறது சிட்டு, நம் வீட்டுக் கூடம் மாதிரி பளபளவென்று! வெறுங்கையோடு திரும்பி வந்ததைப் பார்த்து உன் அப்பா துணி எங்கே என்றார். நிறம் பிடிக்கவில்லை என்றோம் இருவரும் ஒரே குரலில்.

யார் எங்கே வண்டியை நிறுத்தச் சொல்ல வேண்டும் என்றும் பிரித்தாகிவிட்டது. முதலில் உன் அண்ணன் மகள் வாலு. விஷயம் ஒன்றும் அவளுக்குத் தெரியாது. பாட்டி இருமினால் பிஸ்கட் கேட்டு அழ வேண்டும், அவ்வளவுதான் அவளுக்குப் பாடம். அடுத்தது அண்ணி. தலை சுற்றுகிறது என்பாள். மூன்றாவது உன் அண்ணன். டயரில் ஏதோ சத்தம் என்று ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் நிறுத்துவான். அது போதும், போய்ச் சேர்ந்துவிடுவோம்.

இவ்வளவையும் உன்னிடம் எழுதியது அவருக்குத் தெரிந்தால் வீடு இரண்டாகிவிடும். கூப்பிட மாட்டேன் என்று நீ சொன்ன அந்த ஒரு வார்த்தையை மட்டும் கொஞ்ச நாள் தள்ளி வைத்திரு. அப்பாவுக்காக இல்லாவிட்டாலும், புலிக் கூண்டு வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்த அம்மாவுக்காக.

வேளாவேளைக்குச் சாப்பிடு. குட்டிக்கு என் முத்தங்கள்.

உன்
அம்மா

*

என் கண்ணான சிட்டுவுக்கு,

அம்மாவின் அன்பும் ஆசியும். உன் பதில் வருவதற்குள் நானே எழுத உட்கார்ந்துவிட்டேன். மனதில் வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. போய் வந்தோம்! முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உன் அப்பா நன்றாக இருக்கிறார். இந்த நிமிடம் வாலுவுக்கு நீர்யானை மாதிரி வாயைப் பிளந்து காட்டிக்கொண்டிருக்கிறார். இனி நடந்ததைக் கேள்.

புறப்படுகிற அன்று காலை எதிர்பார்த்தபடியே முழங்காலைத் தடவ ஆரம்பித்தார்.  வாலுதான் செருப்பைக் கொண்டுவந்து அவர் காலில் தானே மாட்டிவிட்டாள். அவளிடம் அவருடைய முதுகும் செல்லாது, முழங்காலும் செல்லாது. காப்பியை மட்டும் தொடவில்லை. ஆறிப்போன காப்பியைத் தொட்டியில் கொட்டும்போது எனக்கு மனசு என்னவோ செய்தது.

உன் அண்ணன் நண்பனிடம் கார் இரவல் வாங்கியிருந்தான். உன் அப்பா முன்சீட்டில். மற்றவர்கள் ஓட்டுகிற வண்டியில் அவர் எப்படி உட்காருவார் என்று உனக்குத்தான் தெரியுமே. இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வந்தார். உன் அண்ணன் கியர் மாற்றும்போதெல்லாம் பெருமூச்சு.

முதல் பெட்ரோல் பங்க் கண்ணில் பட்டதும் நான் இருமினேன். ஒன்றும் நடக்கவில்லை. வாலு ஜன்னலில் மாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் பலமாக இருமினேன். சட்டென்று திரும்பி, கார் முழுக்கக் கேட்கும்படி, “பாட்டி இருமிட்டாங்க, நான் இப்ப அழணுமா?” என்று கேட்டாள். அண்ணி கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டாள். உன் அண்ணன் காது சிவந்துவிட்டது. ஆனாலும் வண்டியை பங்குக்குள் திருப்பிவிட்டான். உன் அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிஸ்கட் வாங்குகிற நேரத்தில் நிதானமாக இறங்கி, சோம்பல் முறித்து, போய்விட்டு வந்தார். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

அண்ணியின் முறை வந்தது. அவள் இப்படி நடிப்பாள் என்று நான் நினைக்கவே இல்லை. கண் சொருக, தலை சாய, ஐயோ பாவம்! உன் அப்பா பதறிப்போனார். பழக்கடை ஓரத்தில் நிறுத்தி, தனக்கென்று கொண்டுவந்த ஆரஞ்சுகளை எல்லாம் உரித்து அவளுக்கு ஊட்டாத குறை. முன்சீட்டில் காற்று வரும் என்று அவளை அங்கே உட்காரவைத்தார். அவர் கடைக்குப் பின்னால் இருந்த பாத்ரூமுக்குப் போய் வந்து பின்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். எல்லாம் திட்டப்படியே நடக்கிறது என்று நான் மனதுக்குள் ஆனந்தமாகப் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தேன்.

கெட்டது எங்கே தெரியுமா? டயரில். எங்கள் மூன்று பேருடைய அறிவையும் என்னவென்று சொல்வது! பஸ் டிரைவரிடம் போய் டயரில் சத்தம் என்று சொல்லலாமா? சாப்பாட்டுக் கடை வாசலில் வண்டி நின்றதுதான் தாமதம், உன் அப்பா இறங்கிவிட்டார். பாத்ரூம் பக்கம் அல்ல, டயர் பக்கம். நாலு டயரையும் தட்டிப் பார்த்தார், குனிந்து பார்த்தார், உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். வண்டியை முன்னால் எடு, பின்னால் எடு என்று உன் அண்ணனைப் பாடாய்ப் படுத்தினார். நான் ஜாடை காட்டினேன். அண்ணி காப்பி சாப்பிடலாமா என்று கெஞ்சினாள். ஒன்றும் நடக்கவில்லை. டயர் கல்லு மாதிரி இருக்கிறது, உன் காதைத்தான் பார்க்க வேண்டும், வண்டியை எடு என்று ஏறி உட்கார்ந்துவிட்டார். மகனுக்குப் பாடம் எடுத்த குஷியில் தன் விஷயத்தையே மறந்துவிட்டார்.

அதற்கப்புறம் பாலம் வந்தது. பாலத்தில் சாலை வேலை. ஒரு பக்கத்தை மூடியிருந்தார்கள். எங்களுக்கு முன்னாலும் வண்டி, பின்னாலும் வண்டி, அசைவே இல்லை. வழக்கமாக நெரிசலில் உன் அப்பாவின் வாய் ஓயாது. எவன் எங்கே நுழைந்தான், எவனுக்கு லைசென்ஸ் கொடுத்தது யார் என்று ஒரே வர்ணனையாக இருக்கும். அன்று பேச்சே இல்லை. அவர் கழுத்தில் வேர்வை. இரண்டு முழங்காலையும் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். வாலு ஏதோ கேட்டாள், அவருக்குக் காதில் விழவில்லை. அவருக்கு!

யோசித்துப் பார் சிட்டு. இந்தக் காருக்குள், மருமகளுக்கும் பேத்திக்கும் முன்னால் ஏதாவது ஆகிவிட்டால் இந்த மனிதர் இனி வீட்டு வாசலைத் தாண்ட மாட்டார். உன் வீட்டை இந்த ஜென்மத்தில் பார்க்க மாட்டார். சொல்லுங்களேன், ஒரு வார்த்தை சொல்லுங்களேன் என்று நான் மனதுக்குள் அவரிடம் மன்றாடினேன். அவர் சொல்லவில்லை. சரி, நான் சொல்லிவிட்டேன்.

“வண்டிய ஓரங்கட்டுடா. எனக்கு அவசரம். அடக்க முடியல.”

  தனியாகப் போகப் பயமாக இருக்கிறது, நீங்களும் வாங்க என்று அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினேன். நின்ற வண்டிகளுக்கு நடுவே புகுந்து போனோம். பாலம் தொடங்கும் இடத்தில், சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஐஸ் தொழிற்சாலை. கேட்டில் நின்ற காவலாளியிடம் என் நிலையைச் சொல்லிக் கெஞ்சினேன். அந்த மனிதர் தலையைச் சொறிந்தார். இங்கே பெண்கள் யாரும் வேலை செய்வதில்லை, ஆண்களுக்கு மட்டும்தான் இருக்கிறது, வேண்டுமானால் சார் போகட்டும் என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடவுள் சில சமயம் நம் பக்கம்தான் நிற்கிறார். உன் அப்பா என்னைப் பார்த்தார். நான் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, “போங்க, போயி எனக்கு லாயக்கா இருக்கான்னு பாத்துட்டு வாங்க” என்றேன். அந்த வயதில் அந்த வேகத்தில் ஒருவர் நடந்து நான் பார்த்ததே இல்லை.

வெளியே வந்து, சுத்தமாகத்தான் இருக்கிறது, நீ போ, நான் வாசலில் நிற்கிறேன் என்றார். போகாவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடுமே என்று நானும் போனேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் அவசரமாகத்தான் இருந்திருக்கிறது. இவருடையதைக் கவனித்ததில் என்னுடையதை மறந்துவிட்டேன். திரும்பி வந்தபோது கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு காவல் நின்றார் உன் அப்பா.

சுவரோரமாக ஒரு ஐஸ் லாரி நின்றது. அதன் நிழலில், சில்லென்ற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றோம். அவர் என்னைப் பார்க்காமல் கேட்டார்.

“உனக்கு எப்பத் தெரியும்?”

“மருந்துக்கடையில.”

“டயருக்கு ஒண்ணுமில்ல.”

“தெரியும்.”

“அப்ப அந்தத் தலைசுத்தல்?”

“நடிப்புதான்.”

“என் ஆரஞ்சு எல்லாத்தையும் தின்னுட்டாளே,” என்றார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். நானும் சிரித்தேன். காவலாளி எங்களைப் பார்த்துக் குழம்பிப்போய் நின்றார். பெட்ரோல் பங்கில் வாலு கேட்டபோதே ஏதோ சதி என்று தெரியும், ஆனால் தனக்குப் பிறந்தநாள் ஏற்பாடு ஏதாவது ரகசியமாகச் செய்கிறோம் என்று நினைத்தாராம். அவர் பிறந்தநாள் போன மாதமே போய்விட்டது. அதுவும் நினைவில்லை.

சிரிப்பு அடங்கியதும் நான் விட்டுவிடவில்லை. இரும்பு சூடாக இருக்கும்போதே அடித்துவிட வேண்டும் என்று, நீங்கள் கோபத்தில்தான் வராமல் இருக்கிறீர்கள் என்று சிட்டு நினைத்துக்கொண்டிருக்கிறாள், இனிமேல் கூப்பிட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள் என்றேன். அவர் முகம் போன போக்கை உன்னிடம் எப்படி எழுதுவது? 

“கோபமா? அவ மேலயா? நான் எதுக்குக் கோவப்படப் போறேன்? அந்தப் பையன் தங்கமான பையனாச்சே.”

இது அவர் சொன்னது, அட்சரம் மாறாமல். மாப்பிள்ளையிடம் படித்துக் காட்டு. கல்யாணத்தின்போது அப்பா உம்மென்று இருந்தார் என்றுதானே நீ இத்தனை காலம் மனதில் வைத்திருந்தாய்? அதையும் கேட்டுவிட்டேன். உன்னை அத்தனை தூரத்தில் கொடுக்கிறோமே என்ற நினைப்புதானாம். பேசினால் அழுகை வந்துவிடும் என்று பேசாமல் இருந்தாராம். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அதற்குள் வண்டிகள் நகர ஆரம்பித்துவிட்டன. உன் அண்ணன் ஹாரன் அடித்தான். ஓடினோம்.

மிருகக்காட்சிசாலையை எல்லோரும் நன்றாகப் பார்த்தோம், இந்தத் தடவை மிருகங்களையும். ஒட்டகச்சிவிங்கி, குரங்கு, கொட்டாவி விடுகிற சிங்கம். உன் அப்பாவுக்குப் பிடித்தது நீர்யானைதான். தொட்டிக்கு முன்னால் ஒரு பெஞ்சைப் பிடித்து உட்கார்ந்துவிட்டார். ரொட்டியையும் முட்டையையும் அங்கேயே பிரித்தோம். அப்போது அந்த நீர்யானை ஆடி அசைந்து கரைக்கு வந்தது. இத்தனை கூட்டத்துக்கு நடுவில், எல்லோருக்கும் பின்புறத்தைக் காட்டிக்கொண்டு நின்று, குட்டி வாலை விசிறி மாதிரி ஆட்டி, காரியத்தை முடித்ததே பார்க்கலாம்! சுவரெல்லாம் தெறித்தது. குழந்தைகள் கூச்சல் போட்டுச் சிரித்தன. அது ஒன்றும் நடக்காதது மாதிரி தண்ணீருக்குள் போய்விட்டது. உன் அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார். “அதுக்கு என்ன கவலை, பாரு” என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

மற்றவர்கள் யானையைப் பார்க்கப் போனபிறகு நாங்கள் இருவரும் அந்த பெஞ்சிலேயே இருந்தோம். அப்போது ஒன்று சொன்னார். இத்தனை வருடத்தில் என்னிடம் சொல்லாதது. அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பஸ்ஸில் வந்த, நல்ல உடை உடுத்திய ஒரு பெரிய மனிதர், அவசரம் என்று வண்டியை நிறுத்தச் சொல்லி இவர் பக்கத்தில் வந்து நின்றாராம். இவர் உடனே நிறுத்தினாராம். ஆனால் அவர் இறங்குவதற்குள் முடிந்துவிட்டது. “பஸ்ஸே சிரிச்சுது. கண்ணாடியில பாத்துக்கிட்டு நானும் சிரிச்சேன்.” அவ்வளவுதான் சொன்னார். இந்தத் தொல்லை ஆரம்பித்த நாளிலிருந்து அந்த மனிதரின் முகம்தான் கண் முன்னால் வந்து நிற்கிறதாம்.

 தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினேன். அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு அண்ணாந்து, மடமடவென்று பாட்டில் காலியாகும் வரை குடித்தார். வெளியூரில் அவர் வயிறு நிறையத் தண்ணீர் குடித்து நான் பார்த்து எவ்வளவு காலமாயிற்று தெரியுமா? அழுதுவிட்டேன் சிட்டு. தூசி என்று சொல்லி முந்தானையால் துடைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது பார்க்க வேண்டுமே கூத்தை! முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, டிரைவரும் அவரே, கண்டக்டரும் அவரே என்கிற மாதிரி, “இங்க வண்டி நிக்கும், இறங்குறவங்க எல்லாம் இறங்கலாம்” என்று குரல் கொடுத்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் எல்லோரையும் இறக்கிவிட்டுத்தான் விட்டார், வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும். ஐஸ் தொழிற்சாலை வாசலிலும் நிறுத்தி, காவலாளிக்கு ஒரு பை பழம் கொடுத்துக் கைகுலுக்கினார். வாலுவுக்குத்தான் வருத்தம். பாட்டி ஒரு தடவைகூட இருமவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டே தூங்கிப்போனாள். சாப்பாட்டுக் கடை வாசலில் மட்டும் உன் அண்ணன் இறங்கி ஒருமுறை டயரைப் பார்த்துக்கொண்டான். அப்பா இத்தனை தட்டுத் தட்டியதில் உண்மையாகவே ஏதாவது ஆகியிருக்குமோ என்று பயமாம்.

இன்று காலை காப்பி குடித்தார். இரண்டாவதும் கேட்டு வாங்கிக் குடித்தார். நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததும் செய்தித்தாளை மடித்துவிட்டு, யாருக்கு என்றார். தெரிந்துகொண்டே கேட்டார். உனக்கு என்றேன். உன்னிடம் ஒரு விஷயம் விசாரிக்கச் சொன்னார். உன் வீட்டில் நாங்கள் படுக்கிற அறையிலிருந்து பாத்ரூம் எந்தப் பக்கம், ராத்திரியில் எழுந்து போனால் இடையில் ஏதாவது படி இருக்கிறதா?

விசாரணை ஜன்னலில் உட்கார்ந்தவள் நான், இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். இதற்கான பதிலை மட்டும் தனிக் காகிதத்தில் அவர் பெயருக்கு எழுதி அனுப்பு. மற்றது எதுவும் உனக்குத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளாதே. எப்போது வருகிறீர்கள் என்றும் கேட்காதே. அவரே சொல்லட்டும், அந்த ஆசையை அவருக்கு விட்டு வை. உன் அண்ணன் அதே காரைத் திரும்பவும் கேட்டு வைத்திருக்கிறான். அண்ணி திரைச்சீலைத் துணி வாங்கக் கிளம்பலாமா என்று என் காதில் கேட்கிறாள். உன் ஊர் வழி பெரிய வழி, ஒரே நாளில் பார்த்துவிட முடியாது.

நீயும் மாப்பிள்ளையும் நூறு வயது வாழ்ந்து, குட்டி கடிக்கக் கடிக்கச் சாவிக்குப் பஞ்சம் இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும். தாத்தாவுடைய பழைய சாவி ஒன்று இன்னும் இருக்கிறது. அவரே கொண்டுவந்து கொடுப்பதாகச் சொல்லித் துடைத்து வைத்திருக்கிறார்.

நாங்கள் வருகிற அன்று ராத்திரி பாத்ரூம் பக்கத்து விளக்கை மட்டும் அணைக்காமல் வை, கண்ணே. வர நேரமாகிறதே என்று வாசலில் நின்று தவிக்காதே. நாங்கள் நின்று நின்றுதான் வருவோம். ஆனால் வந்துவிடுவோம்.

உன்
அம்மா